விலைக்கு வாங்கிய தூக்கம்

தமயந்திக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை வாங்குவதானாலும் எதைச் செய்வதானாலும், அதில் தன் நேரம் எவ்வளவு போகும் என்று முதலில் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிடுவாள். தன்னுடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்பது அவளுக்குத் தெரியும். கோவையில் மோட்டார் பம்புகளை வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம் அவளுடையது. வருஷா வருஷம் வரவு செலவு முடிக்கும்போது அந்த விலையையும் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்வாள். அதைவிடக் குறைந்த கூலிக்கு இன்னொருவர் செய்துவிடக்கூடிய வேலையைத் தான் தொடுவதில்லை என்று இருந்தாள். சமையலுக்கு ஆள் வந்தது அப்படித்தான். கார் ஓட்ட ஆள் வந்தது, துணி மடிக்க ஆள் வந்தது, கல்யாணங்களுக்குப் போய் மொய் வைத்துவிட்டு வருவதற்குக்கூட அலுவலகத்திலிருந்து ஒருவர் போனார்.

அவள் கணவர் நல்லசிவம் இதற்கு நேர்மாறு. மண் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்கு நடந்தே போவார். கீரைக்காரம்மாவின் மருமகள் சண்டை வரைக்கும் கேட்டுவிட்டு வெயில் ஏறின பிறகுதான் திரும்புவார்.

"அந்தக் கீரை போன்ல சொன்னா வீட்டுக்கே வந்துருமுங்க. அதுக்கு ஒரு பொழுத விடறீங்களே, கட்டுப்படியாகுமா?" என்பாள் தமயந்தி.

"ஆகாதுதான்," என்று ஒப்புக்கொள்வார். "ஆனா அந்தப் பொழுத மிச்சம் புடிச்சு வெச்சு நான் என்ன பண்ணப் போறேன் தமு? இன்னொருக்கா சந்தைக்குத்தான் போவேன்."

உலகத்தில் அவளைத் தமு என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.

இளந்துயில் என்ற நிறுவனம் கோவையில் கடை திறந்தபோது தமயந்தி முதல் மாதத்திலேயே போய்ப் பார்த்தாள். மெத்தென்ற நாற்காலிகள், பால் நிற வெளிச்சம். டாக்டர் ஷாஜஹான் என்பவர் கையில் ஒரு தொப்பியை வைத்துக்கொண்டு விளக்கினார். உள்புறம் முழுக்க மெல்லிய கம்பிகள் ஓடிய தொப்பி.

"தூக்கத்துல ரெண்டு வேலை நடக்குதுங்க மேடம். ஒண்ணு கழுவுறது, இன்னொண்ணு அடுக்குறது. நாள் பூரா மூளையில சேர்ற அழுக்க இந்தத் தொப்பி அரை மணி நேரத்துல கழுவிரும். நேரம் புடிக்கறது அடுக்கறதுக்குத்தான். பாத்தது, கேட்டது, நெனச்சது எல்லாத்தையும் எடம் பாத்து வெக்கோணுமில்லீங்களா? அந்த வேலைய நாங்க வேற ஒருத்தரோட மூளைக்கு அனுப்பிடறோம். அவங்க உங்களுக்காகத் தூங்குவாங்க. அடுக்கி முடிச்சதும் எல்லாம் உங்களுக்கே திரும்பி வந்துரும்."

"யாரு தூங்குவாங்க?"

"வால்பாறையில எங்க துயிலகம் இருக்குது. அங்க குளுரு, சத்தம் கெடையாது. எஸ்டேட் மூடின பொறகு வேலையில்லாம இருந்தவங்கதான் தூங்கறாங்க. ராத்திரித் தூக்கம் அவங்களுக்கு. பகல்ல அஞ்சு மணி நேரம் உங்களுக்கு."

"எனக்கு என்ன கொறையும்?"

"ஒண்ணும் கொறையாதுங்க. கனவு மட்டும் வராது. பொருள அடுக்கறப்ப தூசி பறக்குமில்லீங்களா, கனவு அந்த மாதிரி. எங்க அடுக்கறாங்களோ அங்கயே விழுந்துரும்."

தமயந்தி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். வால்பாறையில் ஒருவர் தூங்குவதற்கான கூலி, நிறுவனத்தின் லாபம், தொப்பி வாடகை எல்லாம் சேர்த்தாலும், மிச்சமாகும் ஐந்து மணி நேரத்தின் விலையில் பாதிகூட வரவில்லை. யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் சொன்னபோது நல்லசிவம் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"கனவு வராதுன்னா, உன்ர கனவெல்லாம் எங்க போகும்?"

"யாருக்கோ போகுமுங்க. எனக்கு வர்ற கனவுல என்ன இருக்குது? பரீட்சைக்கு நேரமாச்சுன்னு ஓடற கனவு. போனாப் போகுது."

அவர் உரித்த கடலையைத் தட்டில் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதன் பிறகு தமயந்தியின் நாள் நீண்டுபோயிற்று. மத்தியானம் இளந்துயிலுக்குப் போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நாற்காலியில் சாய்வாள். எழுந்தால் பொழுது அப்போதுதான் விடிந்ததுபோல இருக்கும். மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் வரைபடங்கள் போட்டாள், அயல்நாட்டுக்காரர்களிடம் பேசினாள், புது மோட்டார்களுக்குக் காப்புரிமை வாங்கினாள். நல்லசிவம் பத்து மணிக்குப் படுக்கப் போவார். பக்கத்து அறை விளக்கு வெளிச்சம் கதவுக்கு அடியில் மஞ்சள் கோடாக அவர் கட்டில் வரைக்கும் போகும்.

நான்காவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் கீரைக்கடைக்கு முன்னால் அவர் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

தமயந்தி அதுவரை வாங்காமல் விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் வாங்க ஆரம்பித்தாள். கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள், இவ்வளவு தெம்பாக இருக்கிறாளே என்று வெளியே போய் ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. காலையில் பொங்கும் துக்கம் மத்தியானம் தொப்பி வழியாக மலைக்குப் போகும். திரும்பி வரும்போது மடித்து, ஓரம் தட்டி, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். எடுத்துப் பார்க்கலாம், வைத்துவிடலாம். அது அவளை ஒன்றும் செய்யாது.

இப்படி ஒரு வருஷம் போயிற்று.

ஒரு மத்தியானம், தூறல் விழுந்துகொண்டிருந்த நேரம், வாசலில் மணி அடித்தது. அன்று துயிலகத்தில் ஏதோ பழுது பார்க்கிறார்கள் என்று விடுமுறை விட்டிருந்தார்கள். சமையல்காரம்மாவும் வரவில்லை. தமயந்தியே போய்க் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துண்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு தூக்குப்போசியுடன் நாவல் மரத்தடியில் நின்றாள்.

"யாருங்க வேணும்?"

"எம் பேரு செல்லக்கனிக்கா. வால்பாறையில இருந்து வாரேன்." அவள் தமயந்தியின் முகத்தையே பார்த்தாள். "நீங்க தமுதானே?"

தமயந்தி கதவைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பேர உங்களுக்கு யாரு சொன்னா?"

"சாருதான்."

"எந்த சாரு?"

"உள்ள சன்னல் பக்கம் உக்காந்து கடல உரிப்பாருல்லா, அந்த சாரு." செல்லக்கனி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்காகத் தூங்குறது நான்தாம்க்கா. நாங்க உங்கள வந்து பாக்கப்படாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேல போயிரும். ஆனா வராம இருக்க முடியல."

தமயந்தி அவளை உள்ளே அழைத்தாள். செல்லக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு, பழகின வீட்டுக்குள் வருவதைப் போல இருட்டான நடைவழியில் விளக்கு சுவிட்சைப் பார்க்காமலே தட்டினாள். சமையலறைக்குப் போய்த் தட்டு இருக்கும் அலமாரியைத் திறந்தாள். திறந்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்து, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க. கை தானாப் போயிட்டு."

"வீட்ட எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"மொட்டமாடியில நின்னா மருதமல தெரியும். தெருமுக்குல தண்ணித் தொட்டி, வாசல்ல நாவமரம். மருதமல பஸ்ஸுல ஏறி ஒவ்வொரு ஸ்டாப்பா எறங்கி நடந்தேன். சந்தையப் பாத்த பொறவு யாருகிட்டயும் கேக்கல. சாரு நடந்து வார பாதையிலயே வந்துட்டேன்."

தூக்குப்போசியில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் இருந்தன. செல்லக்கனி அதைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"தெனமும் கனவுல வாராருக்கா. வந்து, தமு சாப்ட்டாளான்னு கேக்காரு. எனக்கு என்ன தெரியும், நான் என்னத்தச் சொல்ல? நீங்க அந்த வீட்டுக்குள்ள எங்கயும் இருக்கவே மாட்டீங்க. ரூம் ரூமாத் தேடிட்டு வந்து, தெரியலீங்க சாருன்னு சொல்லுவேன். அவரு மொகம் வாடிரும். முழிச்ச பொறவும் அந்தக் கேள்வி என்ன விடமாட்டேங்கு. ஒரு நாளா ரெண்டு நாளா? அதான் நேர்ல வந்து கேட்டுட்டுப் போயிருவோம்னு வந்தேன்." அவள் தட்டை முன்னால் நகர்த்தினாள். "சாப்ட்டீங்களாக்கா?"

தமயந்தி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. ஒரு வருஷமாக மடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் பிரிந்துகொண்டது. செல்லக்கனி தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அழுது முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் போன பிறகு தமயந்திக்கு வந்தது கோபம். தன் கணவரை வேறொருத்தி தினமும் பார்க்கிறாள். அதற்குத் தானே கூலியும் கொடுத்திருக்கிறோம். மறுநாளே இளந்துயிலுக்குப் போன் செய்து தூக்கம் வாங்குவதை நிறுத்தினாள். ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். தலையணையில் முகத்தை வைத்து, வாங்க, என்ர கிட்ட வாங்க என்று அவரை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். தூக்கம் வந்தது. அதில் தண்ணீர் பம்புகள் வந்தன, சுழலும் விசிறிகள் வந்தன, பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடும் பழைய கனவு வந்தது. அவர் வரவில்லை. ஒரு மாதமாகியும் வரவில்லை.

டாக்டர் ஷாஜஹானிடம் போய்க் கேட்டாள். யார் வந்து என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் மறைத்துக்கொண்டாள். ஆனால் அவர் ஊகித்திருக்க வேண்டும்.

"அவரப் பத்தின நெனப்பு உங்ககிட்டதான் இருக்குதுங்க, எங்கயும் போகல. ஆனா நெனப்பு வேற, கனவு வேற. கனவுல ஒருத்தர் தானா எழுந்து நடக்கோணும்னா அதுக்கு ஒரு தடம் வேணும். தெனமும் நடந்து நடந்துதான் அது விழும். உங்க வீட்டுக்காரருக்கு அந்தத் தடம் மலைமேல விழுந்துருச்சு மேடம். இங்க விழல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமயந்தி தானே காரை எடுத்துக்கொண்டு வால்பாறைக்குப் போனாள். ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், இந்த ஒரு நாளின் விலை என்ன என்று மனம் பழக்கப்படி கூட்டத் தொடங்கியது. மேலே போகப் போக மஞ்சு வெண்பனியாய் இறங்கிப் பாதையை மூடியது. கூட்டிக்கொண்டிருந்த எண் எங்கே விட்டுப்போனது என்று பிறகு அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

செல்லக்கனி, வரிசையாகக் கட்டிய பழைய எஸ்டேட் லைன் வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தாள். வேறு வாடிக்கையாளர் அமையும் வரை சும்மா இருக்கச் சொல்லியிருந்தார்கள். கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்டதையெல்லாம் சொன்னாள். சார் நீலக் கட்டம் போட்ட சட்டையில் வருவதை, வாசலில் நின்று மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பதை, நகம் கடிப்பதை, பாட்டு முணுமுணுக்கும்போது இரண்டாவது வரி மறந்துபோய் மறுபடி முதல் வரிக்கே போவதை. தமயந்தி அறிந்த மனிதர்தான் அத்தனையிலும். அறியாததும் இருந்தது. அவள் பக்கத்து அறையில் வேலை செய்த இரவுகளில், மனதின் எந்த மூலையிலோ கேட்டு வைத்துக் கவனிக்காமல் விட்ட அவருடைய இருமல், அவர் புரண்டு படுக்கும் சத்தம், எல்லாம் செல்லக்கனிக்குக் கேட்டிருந்தது.

வாரா வாரம் போனாள். மூன்றாவது வாரம் ஒரு கவரை எடுத்து நீட்டினாள். செல்லக்கனி அதைத் தொடவில்லை.

"தூங்குறதுக்குக் காசு வாங்குனேன். அது வேல. அவரப் பத்திச் சொல்லுறதுக்கு வாங்க மாட்டேன்."

"உன்ர பொழுது போகுதில்ல? வேலையும் இல்லாம இருக்கற. சும்மா வாங்கிக்கோணும்னு எனக்கு மனசு வரல, கனி."

செல்லக்கனி தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். மஞ்சு வாசல் வரை வந்து நின்றுகொண்டிருந்தது.

"அப்படின்னா ஒண்ணு கேக்கட்டா? எனக்காக ஒரு நாளு நீங்க தூங்குவீங்களா?"

தமயந்திக்குப் புரியவில்லை.

"எனக்கு ஒரு பிள்ள இருந்தா. அருள்ஜோதி. எட்டு வயசுல ஒரு காச்ச வந்துச்சு. கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னாக. அந்த மல எறங்குறதுக்குள்ள, பொள்ளாச்சி லைட்டு தெரியுற எடத்துல எம் மடியிலயே போயிட்டா. ரெண்டு மணி நேரம் முந்தி போயிருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டரு சொன்னாரு. அந்த ரெண்டு மணி நேரத்த யாரும் விக்கலியேக்கா. வித்திருந்தா என்னையே குடுத்து வாங்கியிருப்பேன்."

அவள் குரல் உடையவில்லை. பலமுறை தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல் அது.

"செத்த பொறவு தெனமும் கனவுல வருவா. அத நம்பித்தான் இருந்தேன். தூங்குற வேலைன்னதும், நல்லதாப் போச்சு, பகல்லயும் வருவான்னுதான் சேந்தேன். உங்களுக்குத் தூங்க ஆரம்பிச்ச பொறவு அவ வாரதில்ல. ராத்திரி என் தூக்கத்துலயும் உங்க வீடுதான் வருது. ஒருவேள நான்தான் முழிச்சதும் மறந்துருதேனோ, எனக்குத் தெரியாம வந்துட்டுப் போறாளோன்னு இருக்கு. நீங்க ஒரு தடவ எனக்காகத் தூங்கி, பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

துயிலகத்தில் கேட்டபோது டாக்டர் ஷாஜஹான் முதலில் சிரித்துவிட்டார். அவர் வாரத்தில் இரண்டு நாள் மேலே வந்து போவார். "தூங்கறவங்களுக்காக வாங்கறவங்க தூங்கறதா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க." பிறகு இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். எப்படிச் சந்தித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "முடியாதுன்னு இல்ல. தொப்பிய மாத்திப் போட்டாப் போதும்."

நீண்ட கூடம். இருபுறமும் கட்டில்கள். பகல் வெளிச்சம் திரைகளில் வடிந்து தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் போலத் தெரிந்தது. யார் யாருடைய தூக்கத்தையோ தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மூச்சு விட்டார்கள். காலியாக இருந்த ஒரு கட்டிலில் தமயந்தி படுத்தாள். கம்பளியில் தேயிலையும் கற்பூரமும் கலந்த வாசனை. பக்கத்து நாற்காலியில் செல்லக்கனி சாய்ந்துகொண்டு, "சின்னதா நெத்தியில ஒரு தழும்பு இருக்கும்க்கா," என்று அடையாளம் சொன்னாள்.

தமயந்தி தூங்கினாள்.

முதலில் சரிவு வந்தது. தேயிலைச் செடிகள் இடுப்பளவுக்கு ஈரமாக நின்றன. அவள் கைகள் அவளுடையவை அல்ல, கறை படிந்த, விரல் நுனி வெடித்த கைகள். சின்னப் பிள்ளையைத் தேடிக்கொண்டு செடிகளை விலக்கி நடந்தாள். விலக்க விலக்கச் செடிகள் குறைந்து தரை மொசைக்காயிற்று. மஞ்சுக்குள்ளிருந்து ஒரு சன்னல் தெரிந்தது. சன்னலோரம் நல்லசிவம் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. நிமிர்ந்து பார்த்தார். தெரிந்தவர்களைப் பார்க்கும் சிரிப்பு, ஆனால் விருந்தாளிக்கான சிரிப்பு.

"வாங்க கனி, உக்காருங்க. தமு சாப்பிட்டாளா?"

நான்தாங்க தமு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த நாக்கில் அந்தச் சொல் இல்லை. அது செல்லக்கனியின் நாக்கு. எவ்வளவு முயன்றாலும் அதற்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

"சாப்ட்டாக சாரு. எங் கண்ணால பாத்தேன். கெழங்கு சாப்ட்டாக."

"அப்பாடா," என்றார் அவர். தட்டை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். சன்னலுக்கு வெளியே மருதமலை இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைச் சரிவு மெல்ல மூச்சு விட்டது. அவள் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். அவர் பாட்டை முணுமுணுத்தார், இரண்டாவது வரியை மறந்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு, எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்து எழுந்து அறை அறையாகத் தேடினாள். கதவுக்குப் பின்னால், மாடியில், நாவல் மரத்தடியில். நெற்றியில் தழும்புள்ள பிள்ளை எங்கேயும் இல்லை. அந்தப் பெரிய வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை.

கண் விழித்தபோது சாயங்கால வெளிச்சம் திரையில் ஏறியிருந்தது. செல்லக்கனி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்தாளா?"

வந்தாள் என்று சொல்லிவிடலாம். ஒரு பாவாடை நிறத்தையும் ஒரு சிரிப்பையும் கற்பனையாகச் சொல்வது பெரிய காரியம் இல்லை. தமயந்தி அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"இல்ல கனி. எங்கூட்டுக்காரருதான் இருந்தாரு. எல்லா எடத்துலயும் தேடிட்டேன்."

செல்லக்கனி தலையை ஆட்டினாள். "தெரியும்க்கா," என்றாள். "இருந்தாலும் கேட்டுப் பாத்தேன்." பிறகு கம்பளியை எடுத்து உதறி மடிக்கத் தொடங்கினாள்.

வெளியே வராந்தாவில் தமயந்தி டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். "அவளோட கனவு அவளுக்குத் திரும்ப வருமா?"

"கொஞ்ச மாசம் யாரோட தூக்கத்தையும் சுமக்காம இருந்தா வரலாமுங்க. அவங்கவங்க தடம் லேசுல அழியாது, மூடித்தான் கெடக்கும். ஆனா அது எங்க நடக்கப் போகுது? அடுத்த வாரம் அவங்களுக்கு வேற ஒரு வாடிக்கையாளர் குடுக்கறோம். பெங்களூருக்காரர்."

"கொஞ்ச மாசம் இருந்தா, எங்கூட்டுக்காரர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு அங்க இருக்கறது தெனமும் போயிட்டிருந்ததாலதான். விட்டா மங்கிருவாருங்க. நீங்க மறுபடி தூக்கம் வாங்க ஆரம்பிச்சா இருப்பாரு. வேணும்னா இன்னைக்கு மாதிரி அப்பப்ப வந்து நீங்களும் பாத்துக்கலாம். ரெண்டு பேருக்கும் நல்லதுதான? அவங்களுக்கும் வருமானம்."

திரும்பி இறங்கும்போது அந்த யோசனை அவளுடனேயே காரில் வந்தது. மாதம் இரண்டு முறை. அந்தச் சன்னல், அந்தச் சட்டை. எவ்வளவு விலை சொன்னாலும் கட்டுப்படியாகும். ஒரு வளைவில் மஞ்சு விலகிக் கீழே வெகுதூரத்தில் பொள்ளாச்சியின் விளக்குகள் தெரிந்தன. தமயந்தி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எந்த இடம் என்று செல்லக்கனி காட்டியதில்லை. இங்கேயாக இருக்கலாம், அடுத்த வளைவாக இருக்கலாம். விளக்குகள் கண்ணுக்கு எதிரே கைக்கெட்டுவதுபோல இருந்தன. கீழே போய்ச் சேர இன்னும் வெகுநேரம் ஆகும்.

திங்கட்கிழமை இளந்துயிலுக்குப் போய், செல்லக்கனியின் பகல் நேரம் முழுவதையும் தன் பெயருக்கே மறுபடி எடுத்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு. வேறு யாருக்கும் தரக் கூடாது.

"நாளையில இருந்து நாற்காலி தயாரா வெக்கச் சொல்லட்டுங்களா?" என்றார் டாக்டர் ஷாஜஹான்.

"நான் வர மாட்டேனுங்க டாக்டர். அவ தூங்கட்டும், முழிச்சிருக்கட்டும், என்னமோ பண்ணட்டும். அந்த நேரம் அவளுக்கு."

"காசு குடுத்து வாங்கிச் சும்மா விடறீங்களா? அதுல உங்களுக்கு என்னங்க கெடைக்கும்?"

"கணக்குப் போட்டுப் பாக்கலீங்க," என்றாள் தமயந்தி.

செல்லக்கனிதான் ஒப்புக்கொள்ளவில்லை. போனில் சத்தம் போட்டாள். "சும்மா இருக்கக் கூலியா? அதவிடுங்க, சாரு போயிருவாரேக்கா! எனக்குத் தெரியும், கொஞ்சங் கொஞ்சமா மொகம் அழிஞ்சிட்டே போகும். நான் பாத்துட்டா இருக்க முடியும்?"

"போகட்டும் கனி."

"அப்ப ஒரு தடவையாவது வந்து பாத்துட்டுப் போங்க. நாளைக்கே வாங்க. நான் டாக்டருகிட்டச் சொல்லுதேன்."

"அன்னைக்குப் பாத்துட்டேன்," என்றாள் தமயந்தி. "நான் சாப்பிட்டேன்னு அவருகிட்டச் சொல்லியாச்சு. போதும்."

கோடை போயிற்று. மலையில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. பாதை சரிந்து கிடந்ததால் அவளால் மேலே போக முடியவில்லை. செல்லக்கனியும் அதிகம் கூப்பிடவில்லை. இரவில் தமயந்தி மற்றவர்களைப் போலத் தூங்கினாள். நிறுவனம் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக நடந்தது. சில நாள் கனவே இல்லாமல் விடிந்தது. சில நாள் பம்புகள்.

ஐப்பசியில் ஒரு காலை, அலுவலகத்தில் வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தபோது போன் வந்தது. எடுத்ததும் எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கனி? என்னாச்சு?"

"வந்துட்டாக்கா. இன்னைக்கு வெடியக்காலையில வந்தா. அதே தழும்பு, அதே மொகம். ஒண்ணும் மாறல."

தமயந்தி மாடிப்படியில் உட்கார்ந்தாள். மேலே கண்ணாடிக் கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவள் கையசைத்து அவரைப் போகச் சொன்னாள்.

"சாரு?" என்று கேட்டாள்.

"பத்து நாளா வரலக்கா. இனி வர மாட்டாருன்னுதான் தோணுது."

"சரி," என்றாள் தமயந்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அருள்ஜோதி என்ன சொன்னா? மொதல்ல இருந்து சொல்லு, அவசரமில்ல."

"என்னத்தச் சொல்லுவா, ஒரே சண்டைதான்." செல்லக்கனி அழுதுகொண்டே சிரித்தாள். "இத்தன நாளு எங்க போயிருந்தம்மா, தெனமும் வந்து வந்து பாத்துட்டுப் போறேன், நம்ம வீடு பூட்டியே கெடக்குன்னு சொல்லுதா."